லீவு உங்களுக்குத்தான், கிளாஸுக்கு இல்ல

மதியச் சமையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஏழுமலையின் போன் வந்தது. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படித்தவன். இப்போது வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அவன் குரலுக்குப் பின்னால் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

“டீச்சர், மேக்ஸ் சார் பூட்டாரு.”

“எந்த மேக்ஸ் சார்?”

“இன்னா டீச்சர், நமக்கு ஒரே ஒரு மேக்ஸ் சாருதானே?”

எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன். தனசேகரன் சார் இறந்துபோவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. காய்ச்சலோடு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவரை அப்படி நினைப்பது கடினம்.

“காலைல தூக்கத்துலயே போய்க்கிறாரு. மண்ணூர் வூட்லதான் வெச்சிக்கினு கீறாங்க. சாயந்தரத்துக்குள்ள எடுத்துடுவாங்களாம். நான் ஹாஃப் டே போட்டுட்டு நேரா அங்க போறேன். நீங்களும் வந்துடுங்க.”

போனேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். சில நாட்கள் கழித்து ஏழுமலை மறுபடி அழைத்தான். பழைய மாணவர்கள் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்களாம், அங்கே படிக்க நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம்.

“நானா? எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாதே, உனக்குத் தெரியாதா?”

“அதுக்குத்தான் கேக்கறேன் டீச்சர். மத்தவங்கல்லாம் தெய்வம், தெய்வம்னு எழுதிக்கினு வந்துக்கீறாங்க. படிச்சா யாரைச் சொல்றாங்கன்னே தெரியல.”

ஆகவே எழுதுகிறேன். கூடியிருக்கும் சக ஆசிரியர்களும் மாணவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தனசேகரன் சாரைப் பிடிக்காது. அவர் உயிரோடு இருந்தபோதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஒருவர் இறந்துவிட்டதாலேயே அவர் செய்தது மாறிவிடுவதில்லை.

முதலில் அவருடைய விதியைச் சொல்கிறேன். அங்கே படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஆசிரியர் வராத நாளில் மற்ற பள்ளிகளில் என்ன நடக்கும்? ஓய்வாக இருக்கும் யாரோ ஒருவர் அந்த வகுப்புக்கு வருவார். “சத்தம் போடாம உக்காருங்க” என்பார். லீடர் எழுந்து, பேசுகிறவர்களின் பெயர்களைப் போர்டில் எழுதுவான். வந்தவர் விடைத்தாள் திருத்துவார். மணி அடிக்கும். அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் இது நடக்காது. தனசேகரன் சார் கணக்கு ஆசிரியர். அதோடு உதவித் தலைமை ஆசிரியர். லீவுக் கடிதம் அவர் மேசையைத் தாண்டித்தான் தலைமை ஆசிரியரிடம் போக வேண்டும். கடிதத்தோடு மாற்று ஆசிரியருக்கான பாடக்குறிப்பு இருக்க வேண்டும். ‘பக்கம் நாற்பது, வாசிக்கச் சொல்லவும்’ என்று எழுதினால் கடிதமும் குறிப்பும் சேர்ந்தே திரும்பி வரும். சரியாக எழுதினாலும் முடிந்துவிடாது. லீவு எடுப்பவர் அந்தக் குறிப்பை ஸ்டாஃப் ரூமில் உரக்கப் படிக்க வேண்டும். மறுநாள் அந்த வகுப்புக்குப் போகிறவர் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்காவது தடுமாறினால் குறிப்பு சரியில்லை என்று பொருள். திருத்தி எழுத வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து.

எங்கள் தமிழய்யா ஒருமுறை என்னுடைய வேதியியல் பாடத்தை இப்படித் திருப்பிச் சொல்ல நேர்ந்தது. பாவம், வேர்த்துப்போய்விட்டார். “எனக்குத் தெரிஞ்ச உப்பு ரெண்டுதான் சார். ஒண்ணு கல்லுப்பு, இன்னொண்ணு தூளுப்பு” என்றார். எல்லோரும் சிரித்தோம். தனசேகரன் சார் சிரிக்கவில்லை. “அப்போ டீச்சர் நோட்ஸ்ல மூணாவது உப்பு இன்னும் புரியற மாதிரி வரல. மாத்தி எழுதுங்க” என்றார். என் கல்யாண நாளுக்காகக் கேட்ட லீவு அது. மாத்தி எழுதினேன்.

“லீவு உங்களுக்குத்தான், கிளாஸுக்கு இல்ல” என்பது அவர் அடிக்கடி சொன்னது. இன்னொன்றும் உண்டு. “சும்மா உக்காருன்னு சொல்றதுக்கு வாத்தியார் எதுக்கு? ஒரு பூட்டு போதும்.” இவை இரண்டையும் நினைவு மலரில் பெரிய எழுத்தில் போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போடுங்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்டவர்கள் நாங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்றாம் ஆண்டு. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, எங்கள் பள்ளிக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். பள்ளி திறந்து, காலாண்டுத் தேர்வுக்குப் பாடங்களை முடித்துக்கொண்டிருந்தோம். நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. என் பணி ஒப்புதல் கோப்பு எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது.

ஒரு நாள் உணவு இடைவேளைக்குச் சற்று முன்பு தபால் நிலையத்திலிருந்து ஆள் வந்தார். வாலாஜாபாத்திலிருந்து என் அக்கா அங்கே போன் செய்திருந்தாள். “டீச்சர், உங்க அம்மாவுக்கு ரொம்ப முடியலியாம். உங்களைத்தான் கேட்டுக்கினு இருக்காங்களாம். உடனே கெளம்பி வரச் சொன்னாங்க.”

அம்மாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்திருந்தது. இரண்டாவது முறை வந்தால் நினைவு தங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு நினைவு இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். மதிய பஸ்ஸைப் பிடித்தால் முடியும். விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

தலைமை ஆசிரியர் காஞ்சிபுரத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் தனசேகரன் சார். ஓடினேன்.

“சார், எங்கம்மா சாகக் கெடக்கறாங்க. நான் போகணும்.”

அவர் கால அட்டவணையைப் பார்த்தார். “மத்தியானம் டென்த் பி-க்கு சேர்ந்தாப்ல ரெண்டு பீரியடு உங்களுக்கு. நோட்ஸ் எங்கே?”

“சார், அம்மாவுக்கு…”

“கேட்டுக்கினேம்மா. போக வேணாம்னு சொல்லலியே. எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

“கிளாஸுக்கு யார் போறது?”

“யாரும் ஃப்ரீயா இல்ல. நான்தான்.”

கையெழுத்து வாங்காமலே போயிருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். ஒப்புதல் வராத ஆசிரியை பள்ளி நேரத்தில் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவருக்குத் தெரியும். அவர் போன பிறகுதான் அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

உட்கார்ந்து எழுதினேன். பாடம் ஒளிவிலகல். வகுப்புக்குப் போகப்போவது அவர் என்று தெரிந்ததும் எனக்குள் இருந்த கோபமெல்லாம் பேனாவுக்குள் இறங்கியது. ‘வகுப்பறைக்குள் கதவு வழியாக நுழையவும். சிரித்த முகத்துடன் நுழையவும்’ என்று முதல் வரி எழுதினேன். ‘மாணவர்கள் வணக்கம் சொல்வார்கள். அவர்களும் மனிதர்கள் என்பதால் பதில் வணக்கம் சொல்லவும்’ என்பது இரண்டாவது. ‘நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார வேண்டாம்’ என்பது மூன்றாவது. ‘ஒரு மாணவனைப் பெயர் சொல்லி அழைக்கவும். டேய் என்பது பெயர் அல்ல’ என்பது நான்காவது. ஐந்தாவது வரியில்தான் பாடம் தொடங்கியது. ‘எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் ஒரு காசைப் போடவும். காசு கண்ணுக்கு மறையும் வரை மாணவனைப் பின்னால் நகரச் சொல்லவும்.’ பிறகு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும், நகராமலே அவனுக்குக் காசு தெரியும், ஏன் என்று கேட்க வேண்டும். கடைசி வரி: ‘அவர்கள் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்க வேண்டாம். தவறாகச் சொன்னால் அடிக்க வேண்டாம்.’

கோபத்தில் கை வேகமாக ஓடும். எழுத நேரமாகவில்லை. நேரம் போனது அதற்குப் பிறகுதான்.

“படிங்க” என்றார்.

“சார், கையெழுத்துப் புரியற மாதிரிதான் இருக்கு.”

“எல்லாருக்கும் ஒரே ரூல்தான். படிங்கம்மா.”

படித்தேன். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம்கூட இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னார். ‘டேய் என்பது பெயர் அல்ல’ என்பதைச் சொல்லும்போது தமிழய்யா சாம்பாரில் புரையேறி வெளியே ஓடினார். தனசேகரன் சாரின் முகம் மாறவில்லை. கணக்குப் பாடத்தில் சூத்திரத்தைச் சொல்வது போலவே சொன்னார். கடைசி வரியைத் தப்பாகச் சொல்லி, “இருங்க” என்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் பஸ் வந்து நின்றது. நான் எழுந்தேன். அவர் கையை உயர்த்தி உட்காரச் சொன்னார். சொல்லி முடித்தார். கையெழுத்துப் போட்டார். நான் கேட்டை அடைந்தபோது ரோட்டில் புழுதிதான் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு பால் வண்டியில் போனேன். அங்கே வாலாஜாபாத் பஸ்ஸும் போயிருந்தது. அடுத்த பஸ் ஒரகடத்தில் டயர் மாற்ற நின்றது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “இப்ப வரைக்கும் பேசிக்கினுதான்டி இருந்தாங்க. ‘ராணி வர்ற பஸ் வந்துச்சா, ராணி வர்ற பஸ் வந்துச்சா’ன்னு அதையேதான் கேட்டுக்கினு இருந்தாங்க.”

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

இதற்குப் பிறகு நான் தனசேகரன் சாரை மன்னித்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். தனசேகரன் சார் தம் மேசையிலிருந்து எழுந்து வந்தார். எதிரில் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

“டீச்சர், அஞ்சாவது வரி தப்பு” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“எவர்சில்வர் கிண்ணம் வேலைக்கு ஆவல. உள்பக்கம் பளபளன்னு கீது. காசு மறையறதுக்குப் பதிலா பக்கவாட்டுல நிழலாடுது. பசங்க ‘தெரியுது சார், தெரியுது சார்’னுட்டானுங்க. அப்புறம் சத்துணவுக் கூடத்துல இருந்து அலுமினியக் கிண்ணம் எடுத்தாரச் சொன்னேன். அதுல சரியா வந்துச்சு. மாத்திக்குங்க.”

“எங்கம்மா செத்துட்டாங்க சார்” என்றேன்.

“தெரியும்மா” என்றார். “கிளாஸ் நிக்கல.”

அதைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் ஆறுதலாகத்தான் அப்படிச் சொன்னார் என்று பிறகு பலர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். தமிழய்யா இரண்டு முறை விளக்கினார். ஆறுதல் என்பது உரையாசிரியர் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டிய பொருளா? அடிபட்ட குழந்தையைத் தூக்காமல், அது விழுந்ததில் தரை உடையவில்லை என்று சொல்வது எப்படி ஆறுதலாகும்?

அந்த வகுப்பில் நடந்ததை ஏழுமலை எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறான். சார் கதவு வழியாக வந்தாராம். கையில் இருந்த தாளைப் பார்த்தாராம். சிரித்தாராம். மறுபடி தாளைப் பார்த்தாராம். “நாங்க மெரண்டு போய்ட்டோம் டீச்சர். சார் சிரிக்கறாரே, எங்கயோ யாரோ பூட்டாங்கன்னு நெனச்சோம்” என்று முதன்முறை சொன்னபோது நாக்கைக் கடித்துக்கொண்டான். நாற்காலியில் உட்காரவில்லையாம். அவனைப் பெயர் சொல்லி அழைத்தாராம். தாளைப் பார்த்துவிட்டு, “ஏழுமலை, நீ வாப்பா” என்றாராம். கேள்வி கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காமல் நின்றாராம். யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள், சார் அடிக்கவே இல்லை. கடைசியில் ஒரு பெண் சரியாகச் சொன்னாள். மறுநாள் கணக்கு வகுப்பில் வழக்கம்போல அடித்தாராம். “மேக்ஸுக்கு நீங்க நோட்ஸ் எழுதலியே டீச்சர்” என்பான் ஏழுமலை.

நான் இழிவுபடுத்த எழுதிய தாளை அந்த மனிதர் வரி தவறாமல் செய்து காட்டினார். இதைக் கேட்டு என் மனம் இளகவில்லை. எரிச்சல்தான் கூடியது. அவமானம்கூட ஒட்டாத ஒருவரை என்னதான் செய்வது?

எனக்கும் ஒரு நாள் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அவருக்கு லீவு தேவைப்பட்டது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு அந்த நேரத்தில் ஓய்வாக இருந்தவள் நான். அவரே வந்து எதிரில் உட்கார்ந்து குறிப்பைப் படித்தார். ‘பயிற்சி நான்கு. முதல் கணக்கிலிருந்து பத்தாம் கணக்கு வரை. போர்டில் போடச் சொல்லவும்.’ முடிந்தது.

நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது நோட்ஸா சார், மளிகைச் சாமான் சீட்டா?”

ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சிரிப்பு. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேரை எழுத வைத்தவர், தாம் எழுத வேண்டி வந்ததே இல்லை. ஏனென்றால் லீவே எடுத்ததில்லை. இங்கே கொஞ்சம் பொறுமையாக ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டம்மாவிடம் ‘சாம்பார் வெச்சிடுங்க’ என்று சொல்வது ஒரு வகை. ‘பருப்பு வெந்துவிட்டது, புளி ஊறுகிறது, உப்பு இன்னும் போடவில்லை’ என்று சொல்வது இன்னொரு வகை. முதல் வகைக்குச் சமையல் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு, தான் இல்லாதபோது அடுப்படி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தான் இல்லாத வகுப்பை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“எந்தக் கணக்குல பசங்க தடுமாறுவாங்க, அதை எழுதுங்க சார். யாரை முதல்ல கூப்பிடணும்? தப்பாப் போட்டா நான் இன்னா சொல்லணும்?”

எழுதிக்கொண்டு வந்தார். திருப்பி அனுப்பினேன். மறுபடி எழுதினார். மறுபடி அனுப்பினேன்.

“இன்னா டீச்சர், பழி வாங்கறீங்களா?”

“ஆமா சார்.”

“சரி” என்று சொல்லி, போய் எழுதினார்.

கடைசியில் கொண்டுவந்தது நல்ல குறிப்பு. மறுக்க வழியில்லாததால் திருப்பிச் சொல்லி, தலையசைத்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு வந்து, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதற்கும் மேல் எதுவும் நடக்கவில்லை. நாங்கள் சமாதானமாகவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை தேவைக்கு மேல் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அவர் இறந்த நாளுக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு வாலாஜாபாத்தில் அம்மாவின் வீட்டிலேயே இருக்கிறேன். சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்கு முன்னறையில் பாடம் சொல்லித் தருகிறேன். மாடியில் கனகா என்ற பெண் வாடகைக்கு இருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கம். ஒரகடத்தில் வேலை. ஏழுமலை போனை வைத்ததும் நான் புடவை மாற்றிக்கொண்டு, செருப்பையும் மாட்டிவிட்டேன். மாடிப்படியில் கனகா இறங்கி வந்தாள். அன்று அவளுக்கு ஷிப்ட் இல்லை.

“சாயங்காலம் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா. ஒரு சாவுக்குப் போறேன்.”

“சரி டீச்சர். சும்மா உக்கார வச்சிருக்கேன்.”

அவள் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய் உட்கார்ந்து எழுதினேன். அன்றைக்கு நடத்த வேண்டியதும் ஒளிவிலகல்தான். எழுதியதை அவளுக்குப் படித்தேன்.

“இப்ப நீ திருப்பிச் சொல்லு.”

“என்னது டீச்சர், பரீட்சையா?” என்று சிரித்தாள். “நீங்க கெளம்புங்க, பஸ் போயிரும்லா.”

“சொல்லும்மா.”

சொன்னாள். ஓரிடத்தில் தடுமாறினாள். திருத்தினேன். மறுபடி சொன்னாள். அதற்குள் வாசலில் பஸ் போன சத்தம் கேட்டது.

மண்ணூரில் அவர் தெருவுக்குள் நுழைந்தபோது ரோஜா இதழ்களும் பொரியும் மட்டுமே தரையில் கிடந்தன. ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்து அழுதாள். “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மொகம் பாத்திருக்கலாம் டீச்சர்” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “கிளாஸ் இருந்துச்சும்மா” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுடன் வளர்ந்த பெண். தலையசைத்தாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். அது என் அம்மாவுக்காக. அதை யார் கேட்டாலும் தரமாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இருட்டிய பிறகு நான் வீடு திரும்பியபோது, முன்னறை மேசையில் கனகா என் குறிப்பைக் கிண்ணத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீருக்கு அடியில் காசு கிடந்தது. நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன், தெரிந்தது. தாளை எடுத்துப் பிரித்தேன். எல்லாம் என் கையெழுத்து. ஐந்தாவது வரி மட்டும் அவர் திருத்தியது.

‘எவர்சில்வர் வேண்டாம். அலுமினியக் கிண்ணம் எடுக்கவும்.’